பட்டிக்காரரின் மனக்கணக்கு

முகத்துவாரத்துக் கடையில் மட்டக்களப்புத் தயிரைச் சட்டியோடு வாங்கிப் போகிறோம்; அதற்குப் பின்னால் உள்ள மாட்டறிவை நினைப்பதில்லை. பெரும்போக விதைப்பு தொடங்கினால் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்குப் போகும். அறுவடை முடிந்தால் அரிதாள் மேயத் திரும்பும். அந்த நடைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுப்பது சிறிய உடம்புள்ள நாட்டு மாடுதான். பால் கொஞ்சம், ஆனால் நோய்க்கு இலேசில் விழாது.

எந்த நாம்பனைப் பொலிக்கு விடுவது, எதை நலமடிப்பது? நல்ல பட்டிக்காரர் திமிலை மட்டும் பார்த்து முடிவெடுக்கமாட்டார். தாய்ப்பசுவின் மடி எப்படி, தவறாமல் கன்று போட்டதா, வரட்சியில் நின்றுபிடித்ததா என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கும். சுட்ட குறி உடைமையைச் சொல்லும்; வழியைச் சொல்ல அவர்தான் வேண்டும். கூடுதல் பாலுக்குக் கலப்பினம் தேடுவோர் இந்தக் கணக்கையும் கேட்டு எழுதிவைக்கலாம்.