வாளேந்தாத வலிமை: லெ குவினின் தெனார் பாத்திரம்

மிகுபுனைவில் வரும் பெண்ணை ‘வலிமையானவள்’ என்று ஆய்வுகள் சுட்டும்போது பெரும்பாலும் அவள் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. டோல்கீனின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ (1955) நாவலில் எயோவின் ஆண்வேடம் பூண்டு களம்புகுந்து, எவராலும் வெல்லவியலாத பகைத்தலைவனை வீழ்த்துகிறாள். வீரனுக்குரிய அளவுகோலைப் பெண்ணும் எட்டிவிட்டாள் என்பதே அங்குப் பாராட்டு, அளவுகோல் மாறவில்லை. அதனை மாற்ற முயன்றவை உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ நாவல்கள். அம்முயற்சி முழுமை பெற்றதா என்பது வேறு வினா.

எர்த்ஸீ உலகில் உயர்மந்திரக் கல்வி ரோக் தீவின் ஆண்களுக்கே உரியது. ஊர்ப்புறச் சூனியக்காரியின் வித்தை இகழப்படுகிறது. 1968இல் வெளிவந்த முதல் நாவல் இதனைக் கேள்வியின்றி ஏற்கிறது. இரண்டாம் நாவலான ‘தி டூம்ஸ் ஆஃப் அதுவான்’ (1971) தெனாரை மையத்தில் நிறுத்துகிறது. குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, இயற்பெயர் பறிக்கப்பட்டு, ‘விழுங்கப்பட்டவள்’ எனப் பொருள்படும் அர்ஹா என்ற பெயருடன் அவள் இருட்தெய்வங்களின் தலைமைப் பூசாரியாக்கப்படுகிறாள். நிலவறைப் புதிர்வழிக்குள் நுழைந்த கெட் என்னும் மந்திரவாதியைக் கொல்லும் அதிகாரம் அவளுக்கு உண்டு. அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். அதிகாரத்தைக் கைவிடுவதே இங்கு வீரச்செயல். ஆயினும் வெளியேறும் வழியில் அவளுக்குக் கெட்டே துணையும் வழிகாட்டியுமாகிறான்.

அதன்பின் ‘தெஹானு’ (1990). இதில் தெனார் நடுவயதுக் கைம்பெண். கோண்ட் தீவில் பண்ணை நடத்துபவள். ஆடு மேய்ப்பதும் சமைப்பதும், கொடுமைப்படுத்தப்பட்டுத் தீயில் தள்ளப்பட்ட தெர்ரு என்னும் சிறுமியைப் பேணுவதும் அவள் அன்றாடம். தெனார் சிறுமைப்படுத்தப்பட்டுவிட்டாள் என்று குறைகூறுவோர் உண்டு. அக்கருத்து நாவலைச் சரியாக வாசித்ததன்று. ஆற்றல் முழுவதையும் இழந்து திரும்பும் கெட்டுக்கு, ஆற்றலின்றி வாழ்வது எவ்வாறு என்பது தெரியவில்லை, தெனாருக்குத் தெரியும். கடலோடியாயிருந்து வீடு திரும்பும் மகன், வழக்கப்படி பண்ணைக்கு உரியவனாகிறான்; வீட்டுவேலை தனக்குரியதன்று என்கிறான். தன் வளர்ப்பு எங்குத் தவறியது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம், இவ்வகை இலக்கியத்தின் போர்க்களக் காட்சிகள் பலவற்றினும் கூர்மையானது.

நாவலின் முடிவோ இந்த நோக்கிற்கு ஈடுகொடுக்கவில்லை. தெனாரையும் கெட்டையும் ஒரு மந்திரவாதி கட்டுண்டாக்கி, தெனாரின் வாயை அடைத்து இழிவுசெய்கையில், தெர்ரு பழமொழியில் அழைக்க, கலெஸின் என்னும் பறவைநாகம் வந்து பகைவரை எரித்துவிடுகிறது. அழைத்தவள் தெனார் வளர்த்த சிறுமியே என்று அமைதி கூறலாம். ஆனால் தெர்ருவின் குரல் தெனாரின் வளர்ப்பால் வந்ததன்று; அவள் பறவைநாக இனத்தின் உறவாகப் பிறந்தவள் என்பதால் வந்தது. பிறப்பால் அமைந்த பேராற்றலே காக்கும் என்ற பழைய மரபு, அதனை மறுத்து எழுந்த நாவலுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. அத்தனை பக்கங்கள் உழைத்த தெனார் அக்காட்சியில் பேச்சற்று நிற்கிறாள்.