கல்லைத் தேடிப் போன ஆல்பேர் பூவே

சைக்கிள் பந்தயத்தின் உச்சம் ஆல்ப்ஸ் மலையேற்றம்தான் என்று நண்பர்கள் பலர் சாதிப்பார்கள். ஆல்ப் துவேசின் வளைவுகளில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் மலை தானாகவே அங்கே நிற்கிறது. யாரும் அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாரிஸ்-ரூபே பந்தயத்தின் கல் பாவிய சாலைகளை ஒரு மனிதர் அலைந்து திரிந்து தேடியிருக்கிறார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கிறது.

1956இல் பாரிஸ்-தூர் பந்தயத்தை வென்றவர் ஆல்பேர் பூவே. அந்தப் பந்தயத்தில் அடுத்த பிரெஞ்சு வெற்றிக்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடுதளத்துத் துரத்தல் பந்தயத்திலும் உலக அளவில் பதக்கம் பெற்றவர். அங்கே முன்னால் போகிறவரின் முதுகில் ஒளிந்து காற்றைத் தப்ப வழியில்லை. பின்னாளில் பந்தய அமைப்பாளராகப் பூவே தேர்ந்த சாலைகளும் அப்படியே அமைந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அறுபதுகளில் ஊர்த்தலைவர்கள் அந்தக் கற்சாலைகளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு தார் பூசினார்கள். 1965இல் பாரிஸ்-ரூபேயில் எஞ்சிய கல் பாவிய சாலை வெறும் 22 கிலோமீட்டர்தான். கற்களைத் தேடிக் கண்டுபிடி என்று பூவேயை அனுப்பினார் பந்தய இயக்குநர் ழாக் கோதே. வழிகாட்டியவர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி: 1962 உலகச் சாம்பியன், இளமையில் அரன்பெர்க் காட்டின் அடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1968இல் அந்தக் காட்டின் கல் பாதை முதன்முதலாகப் பந்தயத்தில் சேர்ந்தது. அந்த ஆண்டு வென்றவர் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ்.

இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே கோடு போட்டதுபோல நேராகப் போகிறது அந்தப் பாதை. ஈரத்தில் பாசி படிந்து, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, நடுவில் முதுகு உயர்ந்து கிடக்கும். அங்கே நான் கால்களைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பேன். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தவர் குலுங்கிக் குலுங்கியே களைத்துப் போவார். தளர்வாகப் பிடித்து, கனமான கியரில் நடு முதுகிலேயே சக்கரத்தை ஓட விடுகிறவர்தான் முன்னால் வருவார்.

இன்று எந்தப் பந்தயத்தைப் பார்த்தாலும் கடைசி ஐந்நூறு மீட்டரில் ஒரு செங்குத்து ஏற்றம். அதற்கு முன் இருநூறு கிலோமீட்டர் வெறும் பயணம். தொலைக்காட்சித் துணுக்குக்காகப் பாதை போடுகிறார்கள். இது எனக்கு உண்மையான வருத்தம்.

அரன்பெர்க் பாதையில் ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். 1998இல் இங்கே விழுந்த பெல்ஜிய வீரர் யோஹான் மூசேவ் காலையே இழந்திருப்பார். அதற்காக 1999இல் பாதையை எதிர்த்திசையில் ஓட்டினார்கள். அது கண்ணியமான தீர்வு. 2024இல் வேகத்தைக் குறைக்கக் காட்டு வாசலில் திடீர்த் தடுப்பு வளைவு ஒன்றை வைத்தது மட்டும் எனக்கு உறுத்தியது. மறு ஆண்டே பழைய சுரங்க வளாகத்தைச் சுற்றி வரச் செய்து, வேகத்தைத் திருப்பங்களிலேயே கரைத்தார்கள். இப்போதைய இயக்குநர் தியேரி கூவெனூவும் இதே கற்களில் ஓட்டிப் பழகியவர்தான்.