நூற்றெட்டுக் கட்டங்கள்

ஸ்பானிய மொழியில் ‘கான்தார்’ என்றால் பாடுதல். விதி பிசகாத ஒழுங்கான வினை. இதை எல்லாக் காலங்களிலும் எல்லாப் பாங்குகளிலும் முழுக்கத் திரித்து எழுதினால் எத்தனை கட்டங்கள் நிரம்பும் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். தனிச்சொல்லாக நிற்கும் வடிவங்கள் 54. ‘ஆபேர்’ என்ற துணைவினையோடு வரும் கூட்டு வடிவங்கள் இன்னொரு 54. ஆக 108, அதுவும் ஏவலையும் எச்சங்களையும் சேர்க்காமல். அர்ச்சனைக்கு ஏற்ற எண். வகுப்பில் அதைச் சொல்லும் ராகமும் ஏறக்குறைய அர்ச்சனை ராகம்தான்: கான்தோ, கான்தாஸ், கான்தா, கான்தாமோஸ், கான்தாயிஸ், கான்தான். கடைசிச் சொல் தமிழ்க் காதுக்கு ஆண்பால் ஒருமை போலக் கேட்கும். பொருளோ ‘அவர்கள் பாடுகிறார்கள்’.

இந்த அட்டவணை முறைக்கு வயது அதிகம். அந்தோனியோ தே நெப்ரிஹா 1481இல் லத்தீன் இலக்கணம் எழுதினார். 1492இல் கஸ்தீலிய மொழிக்கு, அதாவது இன்று நாம் ஸ்பானியம் என்று சொல்லும் மொழிக்கு, இலக்கணம் அச்சிட்டார். அந்த நூலின் ஐந்தாம் பகுதியே வேற்றுமொழிக்காரர்களுக்கானது. சொல்லை முழுசாக வைத்துக்கொண்டு அதன் உருவங்களை வரிசையாக அடுக்குவது லத்தீன் இலக்கணக்காரர்கள் விட்டுப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தின் இன்றைய உச்சம் கிறிஸ்தோபர் கெண்ட்ரிஸ் தொகுத்த ‘501 ஸ்பானிய வினைச்சொற்கள்’. வினைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பதினான்கு காலங்கள். ஒழுங்கான வினைகளின் பக்கங்களைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்த விகுதிகள்தான் திரும்பத் திரும்ப வரும். மாறுவது பகுதி மட்டும். அகராதி போல எடுத்துப் பார்க்க அது நல்ல நூல். எடுத்துப் பார்க்க வேண்டியதையே பாடமாகவும் தேர்வாகவும் ஆக்கும்போதுதான் எனக்குச் சண்டை தொடங்குகிறது.

முதலில் அட்டவணையின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதை ஏளனம் செய்வது இப்போது ஒரு மோஸ்தர். 1983இல் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனும் ஸ்பானிய ஆசிரியரான டிரேசி டெரெலும் சேர்ந்து ‘இயல்வழி அணுகுமுறை’ பற்றி நூல் எழுதினார்கள். புரிகிற பேச்சைப் போதுமான அளவு கேட்டால் மொழி தானே படியும், இலக்கணப் பயிற்சி வேறு கணக்கு என்பது அதன் சாரம். குழந்தைக்குச் சரி. வாரத்தில் மூன்று மணி நேரம் வகுப்புக்கு வரும் முப்பது வயதுக்காரருக்கு அத்தனை பேச்சை யார் வந்து கொட்டுவது? கான்தார் ஒன்றைக் கற்றவர் அந்த வாய்ப்பாட்டில் ஆயிரக்கணக்கான வினைகளைப் போட்டுப் பேசலாம். நேற்றுப் பிறந்த ‘துயிதேயார்’ (ட்விட்டரில் எழுதுதல்), ‘சாத்தேயார்’ (அரட்டை அடித்தல்) எல்லாம் அதே ‘ஆர்’ வகுப்பில்தான் வந்து சேர்கின்றன. வயது வந்த மூளைக்கு இப்படிப்பட்ட சுருக்குவழி தேவை.

தவிர, விதி என்பது ஆசிரியர்கள் கட்டிய கற்பனையும் அல்ல. ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘சே’. அது விதிக்கு அடங்காத வடிவம். ஸ்பானியக் குழந்தை ‘சாபோ’ என்கிறது. எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்லி அது கேட்டதில்லை. ‘ஏர்’ வகுப்பு வினையின் ஒழுங்கான விகுதியைத் தானே எடுத்து ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் ஸ்பானியம் சரியாக வராத லத்தீனோ பிள்ளைகளை ‘நோ சாபோ’ பிள்ளைகள் என்று கேலி செய்வதும் இந்தப் பிழையை வைத்துத்தான். கேலியை விடுங்கள். அட்டவணையைக் கண்ணாலும் பாராத தலைக்குள் விதி ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி அட்டவணையின் குறைகள். எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் வரையப்படுவது முதல் குறை. ‘கான்தா’ தெருவில் நிமிடத்துக்கொரு முறை கேட்கும் சொல். எதிர்காலத் துணைப்பாங்கு (விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கான பாங்கு) வடிவமான ‘கான்தாரே’ சட்டப் பிரிவுகளிலும் பழமொழிகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழஞ்சரக்கு. ‘ஊபே கான்தாதோ’ என்ற முன்-இறந்தகாலத்தைப் பேச்சில் கேட்கவே முடியாது. அட்டவணையில் எல்லோருக்கும் ஆறாறு கட்டம், சமபந்தி. ‘நீங்கள்’ என்ற பன்மைக்கான ‘போசோத்ரோஸ்’ வரிசை பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டுக்கு உரியது. லத்தீன் அமெரிக்கா முழுவதும் ‘உஸ்தேதேஸ்’தான், அதற்கு ‘அவர்கள்’ வடிவமே போதும். மாறாக அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ‘நீ’ என்பதற்கு ‘போஸ்’ என்பார்கள். வினையிலும் கடைசி அசை அழுந்தும். அந்த வடிவத்துக்குப் பல பாடநூல்களில் ஒரு கட்டம்கூட ஒதுக்குவதில்லை. மெக்சிகோக்காரர்களோடு மட்டுமே பேசப்போகிற நான் போசோத்ரோஸ் வரிசையை மாதக்கணக்கில் ஒப்பித்திருக்கிறேன். இதுவரை ஒருமுறைகூடச் செலவழிக்கவில்லை.

கட்டத்தின் மேலே எழுதியிருக்கும் பெயரும் ஏமாற்றும். ‘எதிர்காலம்’ என்று தலைப்பிட்ட வரிசையைப் பேச்சில் எதிர்காலத்துக்குப் பயன்படுத்துவது குறைவு. அதற்குப் ‘போகிறேன்’ என்ற துணைவினை வழி இருக்கிறது. அந்த வரிசையின் உயிருள்ள வேலைகளில் ஒன்று ஊகம். ‘செரான் லாஸ் த்ரேஸ்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் ‘மூன்றாக இருக்கும்’. நாம் ‘மணி மூணு இருக்கும்’ என்று சொல்வதேதான். இதை ஆங்கிலம் வழியாகக் கற்பவருக்குத் தனிப்பாடம் நடத்த வேண்டும். நமக்கு ஒரு வாக்கியம் போதும், சொல்லித்தர ஆள் இருந்தால்.

இரண்டாவது குறை எனக்கு முக்கியமானது. அட்டவணை சமைத்த சோற்றைக் காட்டும், உலையைக் காட்டாது. நம் பள்ளிகளில் ‘பாடினேன்’ என்பதைக் கொடுத்தால் மாணவர் அதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று வெட்டிக் காட்டுவார். பகுபத உறுப்பிலக்கணம் என்ற பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கத்தியை ஸ்பானிய வினையில் வைத்துப் பாருங்கள். ‘கான்தாபாமோஸ்’, நாம் பாடிக்கொண்டிருந்தோம்: ‘கான்த்’ பகுதி; ‘ஆ’ வகுப்பைக் காட்டும் உயிர்; ‘பா’ கால இடைநிலை; ‘மோஸ்’ தன்மைப் பன்மை விகுதி. இந்த ‘மோஸ்’ எந்தக் காலத்திலும் எந்தப் பாங்கிலும் மாறாது. ‘ன்’ வந்தால் எங்கும் ‘அவர்கள்’. ‘ஸ்’ வந்தால் ‘நீ’, ஒரே ஒரு காலம் தவிர. எதிர்காலமோ இன்னும் எளிது. ‘பாடுதற்கு உடையேன்’ என்ற லத்தீன் தொடர் ஒட்டிப் போய் ஒரே சொல் ஆனது அது. அதனால் வினையின் பெயர்வடிவத்தை அப்படியே வைத்து ஆபேர் வினையின் நிகழ்கால வால்களை ஒட்டினால் முடிந்தது, மூன்று வகுப்புகளுக்கும் ஒரே வால்கள். இறந்தகாலத் துணைப்பாங்கு வேண்டுமா? ‘அவர்கள் பாடினார்கள்’ என்பது ‘கான்தாரோன்’. அதில் ‘ரோன்’ நீக்கி ‘ரா’ வைத்தால் ‘கான்தாரா’. விதிக்கு அடங்காத முரட்டு வினைகள்கூட இந்த இடத்தில் அடங்கிவிடும். இப்படி வெட்டிப் பார்த்தால் 54 கட்டங்கள் பத்துப் பதினைந்து துண்டுகளாகச் சுருங்கும். பக்கம் பக்கமாக அச்சடிப்பவர்கள் இந்தத் துண்டுகளை ஒரு தாளில் தர ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

பேசுபவர்களே இப்படி வெட்டித்தான் பேசுகிறார்கள். ‘நீ பாடினாய்’ என்பது ‘கான்தாஸ்தே’. ‘ஸ்’ விகுதி இல்லாத அந்த ஒரே காலம் இதுதான். ஸ்பானிய உலகெங்கும் பலர் ‘கான்தாஸ்தேஸ்’ என்று சொல்கிறார்கள். பள்ளி அதைச் சிவப்பு மையால் அடிக்கும். மற்றக் காலங்களில் எல்லாம் இருக்கும் விகுதி இங்கே விட்டுப்போயிருக்கிறதே என்று நாக்கு தானே நிரப்பிக்கொள்கிறது.

ஆனால் இந்தக் கத்தியும் ஓரிடத்தில் மொட்டையாகிறது. ‘கான்தோ’ என்று முதல் அசையை அழுத்தினால் ‘நான் பாடுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘அவன் பாடினான்’. ‘கான்தே’ முன்னே அழுந்தினால் துணைப்பாங்கு, பின்னே அழுந்தினால் ‘நான் பாடினேன்’. ஒற்றை உயிரும் அதன் அழுத்தமும் சேர்ந்து காலம், இடம், எண், பாங்கு நான்கையும் சுமக்கும்போது எதை இடைநிலை என்பது, எதை விகுதி என்பது? இங்கே அட்டவணைதான் உதவும். முழுச்சொல்லாக மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் ஒரு சிக்கல். அசை அழுத்தத்தால் பொருள் மாறும் வழக்கம் தமிழில் இல்லை. இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள், இரண்டையும் நான் ‘கான்தோ’ என்றுதான் எழுத முடிகிறது. புத்தகத்தில் ‘ஓ’ தலையில் ஒரு கோடு இருக்கும். கண் அதைப் பார்த்துத் திருப்தியடையும், காது அதைத் தவறவிடும். ராகம் போட்டு ஒப்பிக்கும் வகுப்பில் அழுத்தம் ராகத்துக்குப் போய்விடுகிறது, சொல்லுக்கு வருவதில்லை.

மூன்றாவது குறையை வெட்டினாலும் தீராது, அடுக்கினாலும் தீராது. எந்தக் கட்டத்தை எப்போது எடுப்பது? ‘பாடினார்’ என்பதற்கு ‘கான்தோ’வா ‘கான்தாபா’வா? வெனிசுவேலாவில் பிறந்து சிலேயில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பேயோ, அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியம் பேசுவோருக்கென்று 1847இல் எழுதிய இலக்கணத்தில் ‘கான்தாபா’வுக்கு ‘உடன்-இறந்தகாலம்’ என்ற பொருள்படப் பெயர் வைத்தார். கடந்துபோன இன்னொரு செயலோடு உடனிருந்த செயல் என்று அர்த்தம். நிபந்தனை வடிவமான ‘கான்தாரீயா’வை, இறந்தகாலத்தில் நின்று பார்த்தால் பின்னே வருவது என்று பெயரிட்டுக் காலங்களின் வரிசையில் உட்கார வைத்தார். ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1931இலும் அதைத் தனிப்பாங்கு என்றே வைத்திருந்தது; 1973இல்தான் இடம் மாற்றியது. அட்டவணையின் தலைப்புகளையே விளக்கமாக மாற்ற முயன்றவர் பேயோ. மெக்சிகோவில் இன்றும் அவர் வைத்த பெயர்களால் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

தமிழ் வழியே ஒரு குறுக்குப்பாதை உண்டு. ‘தாத்தா நேற்றுப் பாடினார்’: கான்தோ. ‘அந்தக் காலத்தில் தாத்தா தினமும் பாடுவார்’: கான்தாபா. ‘நான் போனபோது பாடிக்கொண்டிருந்தார்’: இதுவும் கான்தாபா. பழங்கதை சொல்லும்போது நம் வாயில் ‘பாடுவார்’ வந்தாலே போதும், ஸ்பானியத்தில் எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும். ஆனால் ‘இருந்தது’ போன்ற நிலைவினைகளில் இந்தப் பாதை அடைபட்டுவிடும். காய்ச்சல் ‘இருந்தது’ என்பதற்கு இரண்டும் வரலாம். ‘சாபீயா’ என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. ‘சூப்பே’ என்றால் எனக்குத் தெரிய வந்தது. அட்டவணையில் அடுத்தடுத்த கட்டங்கள், தமிழில் வெவ்வேறு நிகழ்ச்சிகள்.

பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர் கற்பவரின் காதைக் கவனித்தார். ‘நேற்று’ என்ற சொல் வாக்கியத்தில் இருந்தால் கற்பவர் காலத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டு வினையின் வாலைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்றார். ஆகவே பயிற்சி வாக்கியங்களிலிருந்து ‘நேற்று’, ‘நாளை’யை உருவிவிட்டு, விகுதியை மட்டும் கேட்டுக் காலத்தைச் சொல்லச் சொன்னார். சின்ன மாற்றம்தான். நூறு கட்டம் எழுத வைப்பதைவிட இது கடினமான வேலை, பயனுள்ள வேலை என்பேன்.

அட்டவணையின் வரிசைமுறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துணைப்பாங்கு எப்போதும் கடைசிப் பக்கத்தில், ‘மேல்நிலை’ என்ற பயமுறுத்தலோடு வரும். பல வகுப்புகள் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆண்டு முடிந்துவிடும். ஆனால் ஸ்பானியத்தில் ‘செய்யாதே’ என்று யாரையும் தடுக்க அந்தப் பாங்கு இல்லாமல் முடியாது. பாடாதே என்றால் ‘நோ கான்தேஸ்’. அடுப்பை நோக்கித் தவழ்கிற பிள்ளையிடம் தாய் ‘நோ தோக்கேஸ்’ என்கிறாள், தொடாதே. ஒலியில் முழு ஒழுங்கான வினைதான் அது. எழுத்தில் ஒரு மாற்றம் வருகிறது என்பதற்காகச் சில நூல்கள் அதைத் தனிப்பட்டியலில் ஒதுக்கி வைத்திருக்கும். பேச்சு வராத பிள்ளை அதைக் கேட்டுக் கையை இழுத்துக்கொள்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் அந்தப் பக்கத்தை இன்னும் திறக்கவில்லை.