ரபியை உருவாக்கும் தேர்வு எதை அளக்கிறது?

யூதர்களின் பழைய ஆசாரியப் பதவி பிறப்பால் வருவது. ஆரோனின் வம்சத்தில் பிறந்த ஆணுக்கு மட்டுமே அது கிடைத்தது. மற்றவர்கள் எவ்வளவு கற்றாலும் அதன் அருகே போக முடியாது. கி.பி. 70இல் ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தது. பலியிட இடமே இல்லாமல் போன அந்தச் சமூகத்தை அதற்குப் பிறகு கட்டிக்காத்தவர்கள் படித்தவர்கள்தான். நாற்பது வயதுவரை எழுத்தறியாமல் ஆடு மேய்த்தவர் என்று மரபு சொல்லும் அகிவா, பெரும் ரபியாக, அதாவது சமயச் சட்டம் கற்ற ஆசானாக, போற்றப்பட்டார். குலத்தின் இடத்தில் கல்வியை உட்காரவைத்தது அந்தச் சமூகம் செய்த மிகப் பெரிய காரியம். ரபி ஆவதற்கான வழியைப் பற்றி என்ன குறை சொன்னாலும், முதலில் இதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

ரபி என்பவர் பூசாரி அல்லர். வயது வந்த பத்துப் பேர் கூடினால் ரபி இல்லாமலே கூட்டுத் தொழுகையை நடத்திவிடலாம். நமக்கு அருகில் இருக்கும் கொச்சி யூதர்களே இதற்குச் சான்று. மட்டாஞ்சேரியின் பரதேசி தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. ஆனாலும் அந்தச் சமூகம் தனக்கென ஒரு ரபியை வைத்துக்கொண்டதில்லை. விஷயம் தெரிந்த பெரியவர்களே எல்லாவற்றையும் நடத்தினார்கள். அப்படியானால் ரபி எதற்கு? சட்டச் சிக்கல் வரும்போது தீர்ப்புச் சொல்வதற்கு.

அதனால் மரபுவழித் தேர்வும் தீர்ப்புச் சொல்லும் திறனையே சோதிக்கிறது. யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான ‘ஷூல்ஹான் அரூக்’ என்ற சட்டநூலில், உணவு விலக்குகளைச் சொல்லும் பகுதிதான் இன்றும் பாடத்தின் மையம். கறியும் பாலும் சேரக் கூடாது என்பது விதி. கொதிக்கும் கறிக்குழம்பில் ஒரு துளி பால் தெறித்துவிட்டால் என்ன செய்வது? துளியைப்போல் அறுபது மடங்கு குழம்பு இருக்கிறதா? துளி விழுந்த கறித்துண்டு குழம்புக்குள் கிடந்ததா, மேலே நீட்டிக்கொண்டிருந்ததா? உடனே கிளறினார்களா? யூதரல்லாத ஒருவரிடம் கொடுத்துச் சுவைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்கிறார் காரோ. எங்களிடம் அந்த வழக்கம் இல்லை, அறுபது மடங்குக் கணக்குதான் என்கிறார் போலந்தின் மோசே இசர்லிஸ். இந்த மூலத்தையும் உரையையும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும், பழைய சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் வாதங்களையும் மாணவர் விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மயிர்பிளக்கும் வாதமாகத் தோன்றலாம். ஏழை வீட்டில் ஒரு சட்டிக் குழம்பைக் கொட்டுவது என்ன இழப்பு என்று நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவர் பயந்துபோய், “கொட்டிவிடு” என்று சொல்லிவிடுவார். “சாப்பிடலாம்” என்று துணிந்து சொல்லத்தான் ஆழ்ந்த படிப்பு வேண்டும்.

கற்கும் முறையும் தனி அழகு உடையது. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து உரக்க வாசித்து வாதாடுவார்கள். தோற்ற தரப்பின் கருத்தையும் தல்மூத் அழிக்காமல் வைத்திருக்கிறது. வென்ற ஹில்லேலின் பள்ளியோடு, பெரும்பாலும் தோற்ற ஷம்மாயின் பள்ளியையும் மாணவர் படித்தாக வேண்டும். ரபி ஹயீம் 1803இல் ரஷ்யப் பேரரசின் வொலோஷினில் தொடங்கிய கல்விக்கூடம் இந்த முறையை ஒரு பேரியக்கமாக வளர்த்தது. அங்கே பலர் பட்டத்துக்காகப் படிக்கவே இல்லை. கற்பதே வழிபாடு என்று கற்றார்கள். ஜார் அரசோடு ஏற்பட்ட மோதலில் 1892இல் அது மூடப்பட்டாலும், அதன் வார்ப்பில் எழுந்த கல்விக்கூடங்கள் இன்றும் இயங்குகின்றன.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், தேர்வு அளப்பதற்கும் ஊர் எதிர்பார்ப்பதற்கும் நடுவில்தான். மகனைப் பறிகொடுத்த தாயின் பக்கத்தில் எப்படி உட்காருவது, மணமுறிவின் வாசலில் நிற்கும் தம்பதியிடம் எதைப் பேசாமல் இருப்பது என்பதற்கெல்லாம் அந்தச் சட்டநூலில் விடை இல்லை. நவீனக் கல்விக்கூடங்கள் இந்த இடைவெளியை உணர்ந்தன. 1873இல் பெர்லினில் ஹில்டெஸ்ஹைமர் தொடங்கிய மரபுவழிக் கல்லூரி பல்கலைக்கழகப் படிப்பையும் சேர்த்துக்கொண்டது. சின்சினாட்டியில் 1875இல் தொடங்கிய ஹீப்ரு யூனியன் கல்லூரி போன்ற அமெரிக்க நிறுவனங்களில், பிற்காலத்தில் மருத்துவமனைப் பயிற்சியும் பாடமானது. மரபுவழிக் கூடங்கள் எல்லாமே இதைக் கட்டாயமாக்கிவிடவில்லை. அது பெரிய குறை.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. பட்டம் என்பது, அடிப்படையில், ஓர் ஆசிரியர் தன் மாணவருக்குத் தரும் கையொப்பம். அந்த ஒரு கை வாழ்த்தவும் செய்யும், வழிமறிக்கவும் செய்யும். ரெகினா யோனாஸின் வாழ்க்கையில் இரண்டும் நடந்தன.

1902இல் பெர்லினில் பிறந்த அவர், அந்நகரின் யூதவியல் உயர்கல்விக்கூடத்தில் ஆண்களோடு அமர்ந்து படித்தார். பெண் ரபியாகலாமா என்ற கேள்வியையே 1930இல் ஆய்வேடாக எழுதினார். வெளியிலிருந்து கொண்டுவந்த சமத்துவ வாதம் எதையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை; தல்மூதையும் சட்டநூல்களையும் கொண்டே தடை இல்லை என்று நிறுவினார். ஆய்வேட்டைப் பாராட்டிய பேராசிரியர் எடுவர்ட் பானெத் அதே ஆண்டு இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர் பட்டம் தர மறுத்தார். ஒரு மனிதரின் மரணத்தோடு வழி அடைபட்டது. ஐந்தாண்டு கழித்து, 1935 டிசம்பர் 27 அன்று, ஒஃபன்பாக் நகரின் ரபி மாக்ஸ் டீனமன் அவருக்குத் தாமே வாய்மொழித் தேர்வு நடத்திக் கையொப்பமிட்டார். நிறுவனம் மூடிய கதவைத் தனியொரு ஆசிரியர் திறந்தார் என்பதையும் இந்த முறையின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

1942இல் யோனாஸை நாஜிகள் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உளமருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் குழுவில் சேர்ந்து, ரயிலில் வந்து இறங்கும் கைதிகளை எதிர்கொண்டு தேற்றும் வேலையைச் செய்தார், சொற்பொழிவுகள் ஆற்றினார். எந்தத் தேர்வும் அளக்காத வேலை அது. 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசண்ட் பட்டம் பெற்றபோது, உலகின் முதல் பெண் ரபி என்றே அவரைக் கொண்டாடினார்கள். 1991இல் பெர்லின் ஆவணக் காப்பகத்தில் யோனாஸின் தாள்கள் வெளிப்பட்ட பிறகுதான் வரலாறு திருத்தப்பட்டது.

ஆசிரியரின் கையில் குவியும் அதிகாரம் தாராளவாத நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. முன்னாள் தலைவர்களும் பேராசிரியர்களும் மாணவியரிடம் அத்துமீறி நடந்துகொண்டதை ஹீப்ரு யூனியன் கல்லூரி தானே விசாரிக்கவைத்து, 2021இல் அறிக்கையை வெளியிட்டது. பட்டத்துக்கும் பரிந்துரைக்கும் ஒருவரையே நம்பி நிற்கும் மாணவியால் எப்படிப் புகார் சொல்ல முடியும்? சட்டத் தீர்ப்புக்கு மூவர் அமரும் நீதிமன்றம் வைத்த மரபு, பட்டம் தரும் இடத்தில் மட்டும் ஒரே கையொப்பத்தை ஏன் போதுமென்று கருத வேண்டும்?

தீர்க்கதரிசி மோசே காலத்திலிருந்து வந்த முறையை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மோசே யோசுவாவின் தலையில் கைவைத்ததிலிருந்து தொடர்ந்த அந்தப் பழைய நியமனம், பிற்காலத்தில் அறுந்துபோயிற்று. 1538இல் ஸஃபெத் நகரில் யாக்கோபு பெராப் அதை மீட்க முயன்றபோது, எருசலேமின் லேவி இப்னு ஹபீப் கடுமையாக எதிர்த்தார், முயற்சி நிலைக்கவில்லை. இன்று வழங்கப்படும் பட்டம் நடுக்காலத்துச் சமூகங்கள் தம் தேவைக்காக உருவாக்கிக்கொண்ட ஏற்பாடு. தேவைக்காக உருவானதைத் தேவைக்காகத் திருத்துவதில் மரபுக்கு இழுக்கு எதுவும் இல்லை.

இஸ்ரேலில் தலைமை ரபி அலுவலகம் நடத்தும் சட்டத் தேர்வுகளை அண்மைக்காலம்வரை ஆண்கள் மட்டுமே எழுத முடிந்தது. அரசு வேலைக்கும் சம்பள உயர்வுக்கும் அந்தச் சான்றிதழ் உதவும் என்பதால், பெண்கள் இழந்தது வெறும் கௌரவம் அல்ல. பெண்களையும் தேர்வெழுத விட வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. தேர்வில் வென்ற பெண்ணைத் தன் ரபியாக ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர் முடிவுசெய்துகொள்ளட்டும். கல்வியைக் குலத்துக்கு மேலாக வைத்த ஒரு சமூகம், கற்றவரைத் தேர்வறை வாசலில் தடுத்து நிறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை.