முட்டையின் இரு முனைகளும் ஒரு வடிவமைப்பின் குறையும்

உங்களுக்கு வந்த கடிதம் ஒன்றின் தலைப்பில் 3-4-2024 என்று தேதி இடப்பட்டிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதை ஏப்ரல் 3 என்று படிப்பீர்கள். அமெரிக்கர் ஒருவர் அதையே மார்ச் 4 என்று படிப்பார். இரண்டுமே முறையான தேதிகள்தாம். எனவே தாம் தவறாகப் படித்துவிட்டோமோ என்ற ஐயம் இருவருக்குமே எழாது. 25-4-2024 என்று இருந்திருந்தால், ‘இருபத்தைந்தாம் மாதம் ஏது?’ என்று அமெரிக்கர் விழித்துக்கொண்டிருப்பார். 4-4-2024 என்று இருந்தாலோ இருவருக்கும் ஒரே நாள்தான். முறையில் வேறுபாடு இருப்பதே வெளியில் தெரியாது.

இந்தத் தேதிக் குழப்பத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே குழப்பம் கணிப்பொறிகளுக்குள்ளும் உண்டு. அதைத் தீர்க்காமல் விட்டுவிட்ட ஒரு புகழ்பெற்ற வடிவமைப்பைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராயப் போகின்றோம். அதன் பெயர் விர்ட்டியோ.

பைட்டுகளின் வரிசை

கணிப்பொறியின் நினைவகம் பைட்டு என்னும் சிறு அறைகளால் ஆனது. ஓர் அறையில் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண்ணை மட்டுமே வைக்க முடியும். அதைவிடப் பெரிய எண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் வேண்டும். எடுத்துக்காட்டாக, சாதாரண ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொட்டலம் சுமக்கக்கூடிய செய்தியின் பேரளவு 1500 பைட்டுகள். இந்த 1500 என்ற எண்ணை 5 × 256 + 220 என்று பிரிக்கலாம். ஆகவே 5, 220 ஆகிய இரண்டும் இரண்டு அறைகளில் அமரும்.

முதல் அறையில் எதை வைப்பது? பெரிய பகுதியாகிய 5 முதலில் வரலாம். சிறிய பகுதியாகிய 220 முதலில் வரலாம். ஒரு முறையில் எழுதியதை மறு முறையில் படித்தால் 220 × 256 + 5, அதாவது 56,325 கிடைக்கும். அதுவும் ஓர் எண்தான். அதன் முகத்தைப் பார்த்துத் தவறு என்று சொல்ல முடியாது.

1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 கணிப்பொறி பெரிய பகுதியை முதலில் வைத்தது. 1970இல் வந்த பி.டி.பி.-11 சிறிய பகுதியை முதலில் வைத்தது. 1978இல் வந்த இன்டெல் 8086 செயலியும் அவ்வாறே செய்தது. இரு கட்சியினரும் தத்தம் முறையே இயற்கையானது என்று வாதாடினர். 1980 ஏப்ரல் முதல் நாளன்று டேனி கோஹன் என்னும் கணிப்பொறி அறிஞர் இந்தச் சண்டையைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதினார். ஜோனாதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நூலில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று குள்ளர்கள் போரிடுவார்கள் அல்லவா? அவர்களுடைய பெயர்களையே கோஹன் இரு கட்சிகளுக்கும் சூட்டினார். பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்கள் இவ்வாறு நிலைத்தன. நாம் இவற்றைப் பெருமுனை முறை, சிறுமுனை முறை என்று குறிப்பிடுவோம்.

கோஹனின் முடிவு எளிமையானது. எந்த முனை என்பது முக்கியமன்று. எல்லாரும் ஒரே முனையை ஏற்றுக்கொள்வதே முக்கியம். 1981இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் பெருமுனை முறையைத் தேர்ந்தெடுத்தது. இன்று வரை இணையப் பொட்டலங்களின் தலைப்பு எண்கள் அம்முறையிலேயே பயணம் செய்கின்றன.

விருந்தினரும் ஓம்புநரும்

இனி விர்ட்டியோவுக்கு வருவோம். ஒரு பெரிய கணிப்பொறிக்குள் பல கற்பனைக் கணிப்பொறிகளை இயக்க முடியும். உள்ளே இயங்குவதை விருந்தினர் என்றும், அதற்கு இடங்கொடுக்கும் உண்மைக் கணிப்பொறியை ஓம்புநர் என்றும் அழைப்போம். விருந்தினர் வெளியுலகோடு பேச அதற்கு ஒரு வலையமைப்பு அட்டை வேண்டும். உண்மையான அட்டை ஒன்றை அப்படியே நடித்துக் காட்டினால் வேலை மிக மெதுவாக நடக்கும். விருந்தினர் அட்டையைத் தொடும்போதெல்லாம் அதை நிறுத்தி, அட்டையின் வேடத்தை ஓம்புநர் போட வேண்டியிருக்கும்.

ரஸ்டி ரஸ்ஸல் என்னும் லினக்ஸ் அறிஞர் இதற்கு அழகான மாற்று வழி ஒன்றை அமைத்தார். அட்டை கற்பனையானது என்பதை விருந்தினரின் டிரைவர் நிரலுக்கு மறைக்காமல் சொல்லிவிடுவது; இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் வளைய வடிவமான பட்டியலை வைத்துப் பொட்டலங்களை மொத்தமாகக் கைமாற்றிக்கொள்வது. 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 பதிப்பில் இது இடம்பெற்றது. இவ்வமைப்பின் எளிமையும் வேகமும் ஐயத்துக்கு இடமின்றிப் பாராட்டத்தக்கவை. நாம் குறை காணப்போவது ஒரே ஒரு விதியில்தான்.

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் டிரைவர் 10 பைட்டு நீளமுள்ள ஒரு குறிப்பை வைக்கின்றது. அதில் ஒரு பைட்டு எண்கள் இரண்டு. இரண்டு பைட்டு எண்கள் நான்கு. சரிபார்ப்புக் கூட்டலை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும், பெரிய பொட்டலத்தை எந்த அளவுள்ள துண்டுகளாக்க வேண்டும் என்பன போன்ற ஆணைகள் அவை. அந்த நான்கு எண்களையும் எந்த முனை முறையில் எழுதுவது? ‘விருந்தினரின் செயலி எந்த முறையோ அந்த முறையில்’ என்பதே பழைய விர்ட்டியோவின் விதி.

அன்றைய நியாயம்

இவ்விதியைச் சொன்னவர்களுக்கு நாம் நீதி வழங்க வேண்டும். விருந்தினரும் ஓம்புநரும் ஒரே செயலியின் மேல்தான் ஓடுகின்றனர். இன்டெல் பொறியில் இருவரும் சிறுமுனை, ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியில் இருவரும் பெருமுனை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் எதற்கு? எண்களைப் புரட்டும் வேலை இல்லாததால் டிரைவர் நிரலும் சுருக்கமாக இருந்தது. அன்றைய சூழலில் இவ்வாதம் பொருத்தமாகவே தோன்றியது.

ஆனால் உற்று நோக்கினால், இவ்விதி பெருமுனையையும் தேர்ந்தெடுக்கவில்லை, சிறுமுனையையும் தேர்ந்தெடுக்கவில்லை. இருவரும் ஒரே முறையினர் என்று நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையை எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. விருந்தினர் தம் முறை இன்னது என்று அறிவிப்பதற்கு விர்ட்டியோவில் ஓர் இடங்கூட ஒதுக்கப்படவில்லை.

இடறிய இடம்

பவர்பிசி, ஆர்ம் ஆகிய செயலிகள் இரு முறைகளிலும் இயங்க வல்லவை. பவர் வகைச் சேவைக் கணிப்பொறிகளில் நெடுங்காலம் பெருமுனை லினக்ஸே ஓடியது. 2014ஐ ஒட்டி பவர்8 செயலியுடன் சிறுமுனை லினக்ஸும் பரவத் தொடங்கியது. இப்போது ஒரே பொறியில் ஓம்புநர் ஒரு முறையினர், விருந்தினர் மற்றொரு முறையினர் என்ற நிலை வந்துவிட்டது.

இன்னும் வேடிக்கை உண்டு. அப்பொறிகளில் விருந்தினரைத் தொடக்கிவிடும் சிறு நிரல் பெருமுனையில் ஓடும். அது முடிந்தபின் ஏற்றப்படும் லினக்ஸ் சிறுமுனையில் ஓடும். ஆக, ஒரே விருந்தினர் உறங்கி எழுவதற்குள் மொழி மாறிவிடுகின்றார்! ஓம்புநரின் பக்கத்தில் அட்டையாக நடிக்கும் கியூஇஎம்யூ என்னும் நிரல் என்ன செய்தது தெரியுமா? அட்டை மீட்டமைக்கப்படும் கணத்தில் விருந்தினரின் செயலி எந்த நிலையில் இருக்கின்றது என்று எட்டிப் பார்த்து, அதுவே முறை என்று ஊகித்துக்கொண்டது. விருந்தினரை ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்கு மாற்றும்போது அந்த ஊகத்தையும் மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. லினக்ஸுக்குள் வளையத்தைப் படிக்கும் பகுதிக்கு ஓர் அறிவிப்பு, குறிப்பைப் படிக்கும் பகுதிக்கு மற்றோர் அறிவிப்பு என்று ஒட்டுகள் பெருகின.

இவ்வறிவிப்புகளில் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும்? வளையம் சரியாகவும், 10 பைட்டுக் குறிப்பு மட்டும் தவறாகவும் படிக்கப்படுகின்றது என்று கொள்வோம். வழக்கமான டிசிபி பொட்டலம் ஒன்றில் ஈதர்நெட் தலைப்பு 14 பைட்டு. ஐபி தலைப்பு 20 பைட்டு. எனவே ‘34ஆம் இடத்திலிருந்து கூட்டலைத் தொடங்கு’ என்று டிரைவர் எழுதுகின்றது. மறுமுனையில் படிப்பவருக்கு அது 34 × 256, அதாவது 8704 என்று தெரியும். பொட்டலத்தின் மொத்த நீளமோ 1514 பைட்டுகளுக்கு மேல் இல்லை! கவனமாக எழுதப்பட்ட நிரல் பொட்டலத்தை எறிந்துவிடும். கவனமின்றி எழுதப்பட்டது வேறொருவருடைய நினைவகத்தைக் கெடுத்துவிடும்.

ஆனால் இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ பொட்டலத்துக்கு இத்தகைய ஆணைகள் தேவையில்லை. அதன் குறிப்பில் எல்லாம் சுழியம். சுழியத்தை எந்த முனையிலிருந்து படித்தாலும் சுழியம்தான். நம் 4-4-2024 நினைவுக்கு வருகின்றதா? சோதனை வெற்றி பெறும். கோப்பை அனுப்பினால் நின்றுவிடும். பிழையைத் தேடுபவர் வேறு எங்கெங்கோ தேடி அலைவார்.

திருத்தமும் தீர்ப்பும்

ஓயாசிஸ் என்னும் தரநிலை அமைப்பின் குழு, விர்ட்டியோ 1.0 பதிப்பின் வரைவை 2013 டிசம்பரில் வெளியிட்டது. அதன்படி விர்ட்டியோவின் எண்கள் எல்லாம், விருந்தினர் யாராக இருந்தாலும், சிறுமுனை முறையிலேயே எழுதப்பட வேண்டும். ‘நான் புதிய விதியைப் பின்பற்றுகின்றேன்’ என்று இரு தரப்பும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. லினக்ஸ் நிரலாளர்கள் இன்னும் ஒரு நல்ல காரியம் செய்தனர். சிறுமுனை எண்களுக்குத் தனி வகைப் பெயர் இட்டனர். புரட்டாமல் பயன்படுத்தினால் ‘ஸ்பார்ஸ்’ என்னும் சோதனைக் கருவி சுட்டிக்காட்டிவிடும்.

இதற்கு என்ன விலை? சிறுமுனைச் செயலிகளுக்கு ஒன்றுமில்லை. பெருமுனைச் செயலிகள் எண்ணைப் புரட்ட வேண்டும், ஆனால் ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியிலும் பவர்பிசியிலும் எண்ணைப் புரட்டியபடியே எடுக்கும் ஒற்றைக் கட்டளை இருக்கின்றது. ஆகவே 2008இல் மிச்சப்படுத்த நினைத்த செலவு ஏறக்குறைய இல்லாத செலவு. அதற்காகப் பிற்காலத்தில் செலவான உழைப்போ மிகப் பெரிது. மேலும், பழைய விர்ட்டியோ அட்டை பொருத்தப்பட்ட பிசிஐ இணைப்பு முறையிலேயே எண்கள் எப்போதும் சிறுமுனை என்ற விதி 1992 முதல் இருந்து வந்தது. கண்ணெதிரே இருந்த நல்ல முன்மாதிரியைக் கைவிட்டதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு.

புதிய பதிப்பிலும் மாணவர்களை மயக்கும் ஓர் இடம் உண்டு. குறிப்பு சிறுமுனை, அதைத் தொடர்ந்து வரும் பொட்டலத்தின் எண்கள் பெருமுனை. ஒரே நினைவகத் துண்டில் இரு முறைகள்! இதை நான் குறையென்று கருதவில்லை. குறிப்பு, டிரைவருக்கும் அட்டைக்கும் இடையே உள்ள பேச்சு. பொட்டலம், தொலைவில் உள்ள வேறொருவருக்கு எழுதிய கடிதம். எந்த எண் எந்த முறை என்பது ஐயமின்றி எழுதப்பட்டிருக்கின்றது, அது போதும். பழைய டிரைவர்களுக்கும் இடமளிக்க விரும்பும் அட்டைகள் இன்றும் இரண்டு விதிகளையும் சுமக்க வேண்டியிருப்பதுதான் உண்மையான சுமை.

பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குழியாடியின் முன் 15 செ.மீ. தொலைவில் ஒரு பொருளை வைத்தால், 30 செ.மீ. தொலைவில் மெய்ப்பிம்பம் விழும். கார்ட்டீசியன் குறிமரபில் விடை –30. ‘மெய் என்றால் மிகை’ என்னும் மரபில் விடை +30. அம்மரபில் –30 என்று எழுதினால் அது மாயப்பிம்பம். இரண்டு மரபுகளும் சரியானவையே. ஆனால் ‘அவரவர் பள்ளி வழக்கப்படி விடை எழுதுக’ என்று கேட்டுவிட்டு, எந்த வழக்கம் என்று குறிக்கவும் இடம் தராத வினாத்தாளை என்னவென்று சொல்வது? விடைத்தாளில் –30 என்று மட்டும் இருந்தால், அதைத் திருத்துபவர் அந்த மாணவர் எந்தப் பள்ளியினர் என்று ஊகித்துத்தான் மதிப்பெண் இட வேண்டும். பழைய விர்ட்டியோ செய்தது அதுவே.

முட்டையை எந்த முனையிலும் உடைக்கலாம், வாசகர்களே. அடுத்தவரும் நம்மைப் போலவே உடைப்பார் என்று சொல்லாமலே நம்பிவிடுவதுதான் தவறு. நீங்கள் சோதனைக்கூடக் குறிப்பேட்டில் ஓர் எண்ணை எழுதினாலும், நாளை ஒரு டிரைவர் நிரலையே எழுதினாலும், அதை எந்த மரபில் படிக்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரே ஒரு வரிதான் கூடுதலாகும்.