படிவம் கேட்காத கேள்வி

ஓட்டுநர் உரிமம் கோருவோர் நிரப்பித் தரும் ‘படிவம் 1’ஐ நீங்கள் நிதானமாகப் படித்ததுண்டா? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது அது. வலிப்போ திடீர் மயக்கமோ வருவதுண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகை தெரிகிறதா? மாலைக்கண் உண்டா? கேள்விகள் நியாயமானவையே. ஆனால் விடை எழுதுபவர் உரிமம் வேண்டி நிற்கும் அதே மனிதர்!

இம்முறை எங்கே முறியும் என்பதை ஸ்காட்லாந்து கண்டது. 2014 டிசம்பர் 22 அன்று கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஓட்டுநர் ஒருவர் ஓட்டும்போதே நினைவிழந்தார். பாதசாரிகள் ஆறு பேர் மாண்டனர். 2010இலும் அவர், நின்றிருந்த பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் மயங்கியதுண்டு. அதை மருத்துவர்களிடம் திரித்துக் கூறி, உரிம அதிகாரிகளிடம் மறைத்திருந்தார் என விசாரணை 2015இல் முடிவு கண்டது.

பொய் சொல்பவர் இருக்கட்டும். தம் நோயைத் தாமே அறியாதவர் என்ன எழுதுவார்? உறக்க மூச்சுத்தடை என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளை உறக்கத்தைக் கலைத்து மூச்சை மீட்கிறது. நோய் முற்றியவருக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நிகழும். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிராது. குறட்டையைப் பற்றி வீட்டார்தாம் சொல்ல வேண்டும். பகலில், நேரான நெடுஞ்சாலையில், கண் சொருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இந்நோயை ஓட்டுநர் உடற்தகுதி விதிகளில் சேர்த்தது. நம் படிவமோ உறக்கத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ‘வேறு நோய் ஏதேனும் உண்டா’ என்பதோடு சரி.

எண் பலகைச் சோதனையும் அப்படித்தான். கண் அழுத்த நோயில் பெரும்பாலும் பக்கப் பார்வையே முதலில் தேய்கிறது. பலகை நெடுநாள் தெளிவாகத் தெரியும். குறுக்கே ஓடிவரும் சிறுவன் தெரியமாட்டான்.

எல்லோரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. தக்க காரணமிருந்தால் உரிமம் பெற்றவரிடம் புதிய மருத்துவச் சான்று கேட்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இடமளிக்கிறது. காரணம் புலப்படாமல் இருமுறை சாலையை விட்டு விலகிய ஓட்டுநரைவிடத் தக்க காரணம் வேறென்ன? அவரைக் ‘கவனக்குறைவு’ என்று எழுதித் தண்டித்து அனுப்பினால் நோயும் அவருடனேயே லாரி ஏறுகிறது. பிழைப்புப் போய்விடுமே என்று அவர் அஞ்சுவது இயல்பு. ஆனால் மூச்சுத்தடைக்குச் சிகிச்சை உண்டு: இரவில் முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி. அதைத் தவறாமல் அணிந்து பகல் தூக்கம் நீங்கியவர், மருத்துவர் ஒப்புதலுடன் மீண்டும் ஓட்டலாம். இதையும் படிவத்திலேயே அச்சிட்டுத் தரலாமே!