ஆய்வுச் சஞ்சிகைகளின் தரமும் தாக்கக் காரணியும்

ஓர் ஆய்வுச் சஞ்சிகையின் தரத்தை யாது கொண்டு அளவிடுவது என்னும் வினாவிற்கு இன்று பெரும்பாலும் ஓர் எண்ணே விடையாகத் தரப்படுகின்றது. தாக்கக் காரணி எனப்படும் அவ்வெண்ணின் தோற்றத்தையும் கணிப்பு முறையையும் நோக்கிய பின்னரே அதன் தகுதி பற்றி நாம் பேசுதல் பொருந்தும்.

ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எங்கெங்கு எடுத்தாண்டனர் எனக் காட்டும் அட்டவணையின் தேவையை அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் 1955 இல் 'சயன்ஸ்' இதழில் வற்புறுத்தினார். 1960களில் அவரது நிறுவனம் அத்தகைய அட்டவணையை வெளியிடத் தொடங்கிற்று. தாக்கக் காரணி அதன் வழிப் பிறந்தது. ஒரு சஞ்சிகையின் முந்திய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் குறித்த ஓராண்டில் எத்தனை முறை மேற்கோளாயின எனக் கண்டு, அத்தொகையைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவதே அது. எச்சஞ்சிகையை வாங்குவது எனத் திகைக்கும் நூலகருக்கு இது உதவக்கூடியதே. கட்டுரையாசிரியரை நிறுக்கும் தராசாக இதனைக் கொண்டமையே பிழை.

சராசரி ஏமாற்ற வல்லது. பளிங்குகள் பற்றிய ஆய்வுக்குரிய 'அக்டா கிறிஸ்டலோகிராபிக்கா' சஞ்சிகையின் 'ஏ' பிரிவு 2008 ஆம் ஆண்டிற்குப் பெற்ற எண் ஏறத்தாழ 2. மறு ஆண்டிற்குப் பெற்றது ஏறத்தாழ 50. பளிங்கமைப்பைத் துணிவதற்கான கணனி நிரற்றொகுதியொன்றின் வரலாற்றைக் கூறும் ஒரே கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோளானமையே காரணம். உடன் வெளியான ஏனைய கட்டுரைகளும் ஓராண்டிலே இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிட்டனவா?

மொழி, இலக்கியம், வரலாறு ஆகிய துறைகளில் இவ்வளவுகோல் மேலும் பொருந்தாததாகின்றது. தனிநாயகம் அடிகள் தோற்றுவித்த 'தமிழ் கல்ச்சர்' 1952 முதல் 1966 வரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. அது நின்று அரை நூற்றாண்டு கடந்தும் அதன் கட்டுரைகளைத் தேடிச் செல்வோர் உளர். இரண்டு ஆண்டுச் சாளரத்தினூடே நோக்குவோர்க்கு இவ்வாழ்நாள் புலப்படாது. ஆங்கிலத்தில் வெளிவந்ததற்கே இந்நிலையெனில், தமிழில் எழுதப்படுவன அட்டவணைகளில் இடம்பெறுவதே அரிது. தொல்காப்பியத்தைத் தமிழ் கற்றோர்க்கெனத் தமிழில் ஆராயும் இளம் விரிவுரையாளரின் பதவியுயர்வை அவ்வட்டவணை கொண்டு தீர்மானிப்பின், அவர் தமிழில் எழுதுவதைக் கைவிடுவார்; அவரை நாம் குறைகூறவும் இயலாது.

இதனால் நம்மவர் சஞ்சிகைகள் பழுதற்றவை என்று நாம் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. நட்பின் பொருட்டு ஏற்கப்படும் கட்டுரைகளும், பக்க எண்ணின்றித் தரப்படும் மேற்கோள்களும், இரண்டாம் இதழோடு நின்றுபோகும் முயற்சிகளும் நம்மிடையே மலிந்துள்ளன. மதிப்பீட்டாளரின் குறிப்பைப் பகைமையாகக் கொள்ளும் மனப்பாங்கோ இவையனைத்தினும் கொடிது! எண்ணைப் பழித்தமையால் இக்குறைகள் மறையப்போவதில்லை.

ஆய்வை அது வெளியான சஞ்சிகையின் எண்ணால் அன்றி, அதன் உள்ளடக்கத்தால் மதிப்பிடுக எனச் சான் பிரான்சிஸ்கோவில் 2012 இல் உருவான பிரகடனம் கேட்டது. அவ்வாறு செய்யத் தேர்வுக் குழுவினர் கட்டுரையைப் படித்தல் வேண்டும். மூலநூலை ஆசிரியர் நேரிற் கண்டாரா, தமக்கு மாறான சான்றை மறைத்தாரா என்பன படித்தாலன்றித் தெரியா. பத்து விண்ணப்பங்களைப் படிப்பதற்குப் பல நாட்கள் செல்லும். பத்து எண்களைக் கூட்டுவதற்குச் சில நிமிடங்களே போதும். தாக்கக் காரணியின் செல்வாக்கிற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.